ஓடுகிற வண்டியில் கை வைக்கும் முன்

(முன்னாள் மாணவர் கூடுகையில், மாணவர்களுக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க சார், வாழ்க்கைத் தத்துவம் எல்லாம் வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. தத்துவம் எனக்கு வராது. ஸ்குரூ டிரைவர் பிடிக்க வரும். ஆகவே என் வீட்டு மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் ஹேக்கின்டாஷ் பற்றி, குறிப்பாக அதன் பூட்லோடரையும் டிரைவர்களையும் புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறேன். விடுதியில் சிலர் இதைச் செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு இது நேராகப் பயன்படும். மற்றவர்களுக்கும் கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது.

ஹேக்கின்டாஷ் என்றால் என்ன?

ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய மேக் கணிப்பொறிகளுக்காக எழுதிய இயங்குதளம் மேக் ஓ.எஸ். அதை, கடையில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய சாதாரண பி.சி.யில் ஓட வைத்தால் அதற்குப் பெயர் ஹேக்கின்டாஷ். 2005 ஜூன் மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் இனி இன்டெல் புராசசருக்கு மாறும் என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வெளிவந்தது. அதற்கு முன் மேக்கில் இருந்தது பவர்பி.சி. என்ற வேறு ரகச் சில்லு. மாறிய பிறகு மேக்குக்குள் இருப்பதும் நம்ம பி.சி.க்குள் இருப்பதும் ஒரே ரகம். "அப்படின்னா இதுலயும் ஓடணுமே?" என்று ஆர்வலர்கள் கேட்டார்கள், ஓட்டியும் காட்டினார்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேக் ஓ.எஸ். உரிம ஒப்பந்தம், ஆப்பிள் முத்திரை உள்ள கணிப்பொறியில் மட்டுமே அதை நிறுவலாம் என்கிறது. இப்படிச் செய்த இயந்திரங்களை 2008இல் விற்பனைக்கே கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் சைஸ்டார். ஆப்பிள் வழக்குத் தொடுத்து 2009இல் வென்றது. ஆகையால் இதைச் செய்து யாருக்கும் விற்காதீர்கள், அலுவலகத்தில் வைக்காதீர்கள். வீட்டில் கற்றுக்கொள்வதற்காகச் செய்தாலும், ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கெட்டுப்போனால் புகார் கொடுக்க ஒரு கதவும் கிடையாது. சர்வீஸ் எஞ்சினியர், வாடிக்கையாளர் இரண்டும் நீங்களே.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர். பழக்கத்தில் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். அது வட்டில் உள்ள ஈ.எஃப்.ஐ. என்ற சிறு பகுதியைத் தேடி, அங்கேயிருக்கும் பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் இயங்குதளத்தின் கெர்னலை எழுப்பும். கெர்னல் டிரைவர்களைச் சேர்த்துக்கொண்டு மேலே போகும். மேக் உலகில் டிரைவருக்குப் பெயர் கெக்ஸ்ட்.

இதில் நம் பூட்லோடரின் வேலை கல்யாணத் தரகர் வேலை. "மாப்பிள்ளை நல்ல குடும்பம், இன்ன ஊர், இன்ன வேலை" என்று பெண் வீட்டில் எடுத்துச் சொல்வதுபோல, "இது ஐமேக், இன்ன மாடல், இன்ன சீரியல் எண்" என்று மேக் ஓ.எஸ்.ஸிடம் எடுத்துச் சொல்வது அதுதான். உண்மையான மேக்கில் விசிறி, வெப்பம், மின்சாரத்தைக் கவனிக்க எஸ்.எம்.சி. என்று ஒரு சில்லு உண்டு. நம்மிடம் கிடையாது. அது இருப்பதுபோல் நடிக்க விர்ச்சுவல்எஸ்.எம்.சி. என்ற கெக்ஸ்ட். திரைக்கு வாட்எவர்கிரீன், ஒலிக்கு ஆப்பிள்ஏ.எல்.சி., இந்த எல்லாவற்றுக்கும் அடியில் அஸ்திவாரமாக லிலு.

ஆரம்ப காலத்தில் மேக் ஓ.எஸ்.ஸின் கோப்புகளையே திருத்தி வைத்தார்கள். ஆப்பிள் ஒரு அப்டேட் விட்டால் போதும், திருத்தம் அத்தனையும் அழிந்து, மறுநாள் காலை கறுப்புத் திரைதான். பிறகு கமேலியன், குளோவர், 2019 முதல் ஓபன்கோர் என்று பூட்லோடர்கள் வளர்ந்தன. குளோவரும் ஓபன்கோரும் மூலக் கோப்பைத் தொடாமல், ஏற்றும் நேரத்தில் நினைவகத்தில் மட்டும் மாற்றம் செய்கிற வழியைப் பிடித்துக்கொண்டன. 2020இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து ஆப்பிள் சிஸ்டம் பகுதியையே முத்திரையிட்டு மூடிவிட்டதால், அந்த வழியின் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது.

இதிலிருந்தே ஒரு விதி கிடைக்கிறது. மேக் ஓ.எஸ்.ஸைப் புதுப்பிப்பதற்கு முன்னால் பூட்லோடரையும் கெக்ஸ்ட்களையும் புதுப்பிக்க வேண்டும். தரகருக்குப் பெண் வீட்டின் புதுக் கேள்விகள் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

செய்யும் முறை

முதலில் கேட்க வேண்டியது, "எதற்காக?" பெரிய மேக் ஓ.எஸ். அப்டேட் வருகிறது, அல்லது புது வன்பொருள் பூட்டியிருக்கிறேன், அல்லது எனக்கு இருக்கும் இன்ன கோளாறு தீர்ந்ததாக மாற்றக் குறிப்பில் போட்டிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் செய்யுங்கள். "புதுசு வந்திருக்கு" என்பது காரணம் ஆகாது.

அடுத்தது பிரதி. டைம் மெஷின் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும், ஈ.எஃப்.ஐ. பகுதியைக் காப்பாற்றாது. இது பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பகுதி மறைந்திருக்கும். டெர்மினலில் டிஸ்க்யூடில் கட்டளையால் மவுன்ட் செய்தால்தான் கண்ணில் படும். அதிலுள்ள ஈ.எஃப்.ஐ. ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவாக இருந்தால், நாளைக்கு அதிலிருந்தே பூட் செய்யலாம். அதன்மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். எடுத்து வைத்தால் மட்டும் போதாது, ஒருமுறை அதிலிருந்து பூட் செய்தும் பாருங்கள். சோதிக்காத பிரதி, ஏட்டுச் சுரைக்காய்.

மூன்றாவது, இரண்டாம் பென்டிரைவில் புதியதைக் கட்டுவது. ஓபன்கோரின் முக்கியக் கோப்புகளான பூட்எக்ஸ்64, ஓபன்கோர், ஓபன்ரன்டைம் மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் மேலே போகாமல் நின்றுவிடும்.

நான்காவது, கான்ஃபிக் கோப்பு. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பதிப்புக்குப் பதிப்பு இதில் சில வரிகள் புதிதாகச் சேரும், சில நீங்கும், சில இடம் மாறும். பழைய கோப்பை அப்படியே போடாதீர்கள். புதிய பதிப்போடு வரும் மாதிரிக் கோப்பைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பிறகு அதே பதிப்போடு வரும் ஓ.சி.வேலிடேட் என்ற சோதனை நிரலை ஓட்டுங்கள். பிழையிருந்தால் பெயர் சொல்லிக் காட்டும். உங்கள் சீரியல் எண், போர்டு எண், யூ.யூ.ஐ.டி., ராம் மதிப்பு நான்கையும் பழைய கோப்பிலிருந்து மாறாமல் கொண்டுவாருங்கள். அவை மாறினால் ஐகிளவுட், ஐமெசேஜ் எல்லாம் உங்களை வேற்று மனிதராகப் பார்க்கும். "மச்சி, உன் கான்ஃபிக்கைக் குடு" என்று நண்பன் கேட்டால், அந்த நான்கையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஐந்தாவது, கெக்ஸ்ட்கள். ஏற்றும் வரிசையில் லிலு முதலில்; அதை நம்பியிருப்பவை அதற்குப் பின்னால். அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்ப முடியுமா?

ஆறாவது, இந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஒன்றிரண்டு நாள் வேலை பாருங்கள். ஒலி, நெட்வொர்க், தூங்கி விழிப்பது, எல்லா யூ.எஸ்.பி. துளைகளும் சரியா என்று பாருங்கள். வட்டில் இருப்பது பழையபடியே இருக்கிறது. பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய வாழ்க்கை திரும்பிவிடும். எல்லாம் சரியென்றால்தான் வட்டுக்கு மாற்றம். அப்போதும் ஒரு எச்சரிக்கை: ஒரே வட்டில் விண்டோஸும் இருந்தால், அந்த ஈ.எஃப்.ஐ. ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட் என்று இன்னொரு ஃபோல்டர் குடியிருக்கும். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் விண்டோஸ் எழாது. மறுநாள் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியவன் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

திரை அசையாமல் நின்றுவிட்டால் பதற வேண்டாம். பூட் வரியில் '-v' என்ற குறியைச் சேர்த்தால் ஆப்பிள் படத்துக்குப் பதில் எழுத்துகள் ஓடும். கடைசியாக நின்ற சில வரிகளைப் படம் எடுத்துக்கொண்டு, தரகரிடமே நின்றதா, கெர்னலில் நின்றதா, டிரைவரில் நின்றதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நாலு மாற்றம் சேர்த்துச் செய்து சரியாகிவிட்டால்கூட, எதனால் சரியானது என்று தெரியாது.

எங்கே நிறுத்துவது?

புதுப்பிக்காமல் நிறுத்தவும் தெரிய வேண்டும். 2018இல் மொஜாவி வந்தபோது மேக்ஸ்வெல், பாஸ்கல் வகை என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் வரவில்லை. அந்தக் கார்டு வைத்திருந்தவர்கள் 2017இன் ஹை சியராவிலேயே தங்கினார்கள், அல்லது ஏ.எம்.டி. கார்டுக்கு மாறினார்கள். 2023இல் சோனோமா, பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான டிரைவரை எடுத்துவிட்டது. அதுவரை செருகினாலே ஓடிய கார்டுகள் அவை.

பெரிய முற்றுப்புள்ளியும் வந்துவிட்டது. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வெளிவந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பெரிய பதிப்பு என்று அந்த ஆண்டு ஜூன் மாதமே அறிவித்தும்விட்டது. இன்டெல் பதிப்பு இல்லாவிட்டால் நம் பி.சி.க்குப் புதுப் பதிப்பு ஏது?

"அப்ப எதுக்குய்யா இவ்வளவு நேரம் பேசுற?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் பின்வரிசையிலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி.

2024 ஜூலை 19ஆம் தேதி நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றன. இது மைக்ரோசாஃப்ட் தந்த கணக்கு. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. கெர்னல் மட்டத்தில் ஓடும் ஒரு டிரைவர் தவறான கோப்பு ஒன்றைப் படித்ததுதான் காரணம். பூட் ஆகும்போதே விழுந்ததால் பல இடங்களில் ஒவ்வொரு இயந்திரமாக ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. சிலரிடம் முதலில் சோதித்துப் பிறகு எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் சேதம் சிறியதாக முடிந்திருக்கும். நான் சொன்ன இரண்டாம் பென்டிரைவ் அதுதான். அளவுதான் வேறு.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளைக்கு ஒரு வங்கியின் சர்வரையோ, மருத்துவமனையின் பதிவேட்டையோ, மின்வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையையோ பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அங்கே "அப்டேட் பண்ணு" என்ற பொத்தான் உங்கள் விரலுக்கடியில் இருக்கும். மறுமுனையில் யாரோ டோக்கனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருப்பார். எதற்காக மாற்றுகிறேன், எங்கே சோதித்தேன், திரும்பி வர வழி எது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அந்தப் பழக்கத்தை, கெட்டால் உங்களைத் தவிர யாரும் அழமாட்டார்கள் என்கிற ஒரு பழைய பி.சி.யில் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மேக் ஓ.எஸ். கதவு மூடினாலும் அதே பெட்டியில் லினக்ஸ் ஏற்றிப் பழகலாம். அங்கும் பூட்லோடர் உண்டு, கெர்னல் உண்டு, டிரைவர் உண்டு.

தேநீர் இடைவேளையில் வெளியே வராந்தாவில் நிற்பேன். ஹேக்கின்டாஷ் வைத்திருப்பவர்கள் வாருங்கள், பேசலாம். வரும்போது பழைய ஈ.எஃப்.ஐ. பிரதி உள்ள பென்டிரைவையும் எடுத்து வாருங்கள். அது கையில் இல்லாதவர்கள் முதலில் விடுதிக்குப் போய் அதைச் செய்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.