மலையடிவாரத்து மனை யாருக்கு?

(ஐந்தருவியில் நடந்த நம் கட்சியின் மக்கள் சந்திப்புக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



சாரல் விழுது. குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுதேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் வார வழியில, இலஞ்சிப் பக்கம், மேலகரம் பக்கம் எத்தனை கலர் கொடி, எத்தனை எல்லைக்கல்லு பாத்தீங்களா? நேத்து வரைக்கும் நாத்து நட்ட வயல். இன்னைக்கு "அருவிக் காத்து வீசும் வீட்டுமனை". விளம்பரப் படத்துல மலை இருக்கும், அருவி இருக்கும். அந்த மலைக்குன்னு ஒரு சட்டம் இருக்குங்கிறது மட்டும் இருக்காது.

மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்னு ஒண்ணு 1990-லயே அமைச்சாச்சு. சுருக்கமா 'ஹாக்கா'ன்னு சொல்லுவாங்க. தென்காசி, செங்கோட்டை வட்டங்களிலும் மலையடிவாரக் கிராமங்கள் அந்தப் பட்டியல்ல இருக்கு. அங்க மனைப்பிரிவு போடணும்னா நகர் ஊரமைப்புத் துறை அனுமதி மட்டும் போதாது. வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாரும் கருத்துச் சொல்லணும். நல்ல சட்டம்தான். நம் கட்சி அதை எதிர்க்கல.

ஆனா அது யார் மேல பாயுதுங்கிறதுதான் கேள்வி. தாத்தா காலத்து ஓட்டு வீட்டுக்குப் பின்னால, கல்யாணம் ஆன மகனுக்காக ஒரு ரூம் இழுக்கணும்னு போறவனுக்குத்தான் "உங்க ஊர் ஹாக்கா, மெட்ராஸ் போகணும் ஃபைல்"ங்கிற பதில் வருது. ஏக்கர் கணக்கில் வேலி போட்டு, நீச்சல் குளம் வெட்டி, ரிசார்ட் கட்டுறவனுக்கு அந்த வார்த்தையே காதில விழாது போலிருக்கு. நான் சும்மா சொல்லல. இயற்கை அருவிக்குப் போற தண்ணியைத் திருப்பி, தனியார் விடுதிக்குள்ள செயற்கை அருவி உண்டாக்குதாங்கன்னு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு 2022-ல வழக்கு போச்சு. ஆய்வு பண்ணி நடவடிக்கை எடுங்கன்னு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாச்சு. அருவியையே காம்பவுண்டுக்குள்ள கொண்டு போன ஊருய்யா இது!

அடுத்து, மனை வாங்கி ஏமாறுறவங்க. துபாய்ல, சவுதியில வெயில்ல நின்னு சம்பாதிச்ச பணம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"ன்னு சொல்லி விக்காங்க. ஒரு விஷயத்தை நல்லாக் கேட்டுக்கோங்க. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. 2016-ல உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு தடை போட்டது. அதுக்குப் பிறகு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால போட்ட மனைப்பிரிவுக்குத்தான் அது. மலைப்பகுதிக்குத் தனி விதி 2020-ல வந்தது. விண்ணப்பிக்கக் காலக்கெடுவை எத்தனை தடவை நீட்டினாங்க! தெரியாம வாங்கின ஏழைக்குக் காலம் கொடுக்கிறது நியாயம். ஆனா ஒவ்வொரு நீட்டிப்பும் மனை போடுறவன் காதில எப்படி விழும்? "இப்பப் போடு, பின்னால சரி பண்ணிக்கலாம்."

இது ஏதோ பறவை, பூச்சிக்காகப் பேசுற பேச்சுன்னு சிலர் கிண்டல் பண்ணுதாங்க. மேல மலையில பெய்யுற மழைதான் ஓடையாகி, சிற்றாறாகி, வழியில குளங்களை நிரப்பி, சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேருது. ஓடைக்கரையை மண் கொட்டி மேடாக்கினா, வெள்ளம் வரும்போது அது வேற வழி தேடும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல 17 வயசுப் பையனைப் பறிகொடுத்தோம். மலைத் தண்ணி எவ்வளவு வேகமா வரும்னு நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அதே வருஷம் ஜூலை 30-ல வயநாடு. மறுநாளே மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலை சூழல் கூருணர்வுப் பகுதி வரைவு அறிவிக்கையைத் திரும்ப வெளியிட்டது. ஆறாவது வரைவு அது! 2014-லிருந்து வரைவாவே கிடக்கு. தமிழ்நாட்டுல மட்டும் 6,914 சதுர கிலோமீட்டர் அதுல வருது.

யானை வேற இருக்கு. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையைச் சாய்க்கிற யானையைப் பத்தி விவசாயிகிட்ட கேளுங்க, கதை கதையாச் சொல்லுவார்.

பெரிய ஆட்களை எதிர்த்து ஜெயிக்க முடியுமான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். கொடைக்கானல்ல இரண்டு மாடிக்கு மேல கூடாதுங்கிற விதி. பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் ஏழு மாடி எழுப்புச்சு, அரசாங்கமும் விதிவிலக்கு கொடுத்துச்சு. பழனி மலைப் பாதுகாப்புக் குழு விடல. உயர்நீதிமன்றம் விதிவிலக்கை ரத்து செஞ்சது. 1995-ல உச்சநீதிமன்றமும் அதை உறுதி செஞ்சு, கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்னது. வழக்குப் போட்டது ஊர்க்காரங்க சேர்ந்த ஒரு அமைப்பு, அவ்வளவுதான்.

"அப்போ எங்க பிள்ளைங்க எங்கய்யா வீடு கட்டும்?" நியாயமான கேள்வி, இதைத் தட்டிக் கழிக்கிற கட்சி இல்ல நாம. தென்காசி தனி மாவட்டமாகி 2019-லிருந்து அலுவலகம் கூடுது, வாடகை ஏறுது. வீடு கட்டாயம் வேணும். ஆனா மலையடிவார வில்லாவுல எந்த ஆசிரியர், எந்த நர்ஸ் குடியேறப் போறாங்க? பாதி வீடு சீசனுக்குத் திறந்து, மீதி நாள் பூட்டிக் கிடக்கும்.

அதனால நாம கேக்கிறது இது. எந்தெந்த சர்வே எண் ஹாக்காவுல வருதுன்னு முழுப் பட்டியலையும் தமிழ்ல, பத்திரப் பதிவு அலுவலக வாசல்லயும் ஊராட்சி அலுவலகத்துலயும் ஒட்டணும். சொந்த நத்தம் இடத்துல குடியிருக்கிறவர் கட்டுற சின்ன வீட்டுக்கு மாவட்டத்திலேயே, நாள் கணக்கு வெச்சு, பதில் கொடுக்கணும். 2016-க்குப் பிறகு அடிவாரத்துல போட்ட மனைப்பிரிவுக்கு வரன்முறையே கூடாது. வீட்டு வசதி வாரியம் தென்காசி நகரத்தை ஒட்டி, குளமும் ஓடையும் இல்லாத இடத்துல, நடுத்தரக் குடும்பம் வாங்குற விலையில வீடு கட்டணும்.

ஊராட்சியில இருக்கிறவங்க ஆகஸ்ட் 15 கிராம சபையில இதைத் தீர்மானமாக் கொண்டு வாங்க. குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பேரூராட்சிக்காரங்க உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கையெழுத்துப் போட்டு மனுவாக் கொடுங்க. மனு மாதிரி மேடைக்குப் பக்கத்துல தம்பிமார் வெச்சிருக்காங்க, போகும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. மனை வாங்கி மாட்டிக்கிட்டவங்க பத்திர நகலோட நம்ம கட்சி அலுவலகத்துக்கு வாங்க, வக்கீல் அணி உக்காந்து பாக்கும்.