முதியோர் எழுத்தறிவும் பாடப்பொருள் தேர்வும்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை அடுத்துள்ளது சாலைக் கடைத்தெரு. மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் இத்தெருவில் சுமை தூக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் எழுத்துக் கற்க முன்வருவதாகக் கொள்வோம். எந்த நூலை அவர் கையில் கொடுப்பது? சிறுவர் அரிச்சுவடி எளிதிற் கிடைக்கும். ஆனால், அணிலும் ஆடும் நாற்பது வயதினரை நெடுநாள் அமர வைப்பதில்லை. அவருக்கு வேண்டுவன மூட்டையின் மேலுள்ள விலாசம், கூலிக் கணக்கு, பேருந்தின் பெயர்ப்பலகை ஆகியவை.

இவ்வுண்மையை உணர்ந்தே, 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பரவிய அறிவொளி இயக்கம் தன் தொடக்கப் பாடத்தில் ‘பட்டா’ என்னும் சொல்லை வைத்தது. அகர வரிசை அங்கே பின்னுக்குப் போயிற்று. ப, ட இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்கு ‘அ’வின் சுழிகளைவிட இவை எளியன. அதைவிட முக்கியம், நிலம் யாருடையது என்ற பேச்சை அச்சொல் வகுப்பில் எழுப்பியது. பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரெய்ரே 1960களில் ‘செங்கல்’ போன்ற சொற்களைக் கொண்டு செய்ததும் இதுவே.

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரம் என வரையறுத்து, பயிற்சியையும் தேர்வையும் நூலுக்குள்ளேயே அமைத்தது. முறை நன்றே. எனினும், எம்மொழியில் கற்பிப்பது என்ற சிக்கல் நூலமைப்பால் மட்டும் தீர்வதன்று.

கேரளம் 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் வேலை தேடி வந்த பிற மாநிலத்தவருக்குப் பழைய பாடநூல்கள் பொருந்தவில்லை. ஆகவே, மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ திட்டத்தைத் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்ற தனி நூலை வெளியிட்டது.

சாலைத் தெருத் தொழிலாளிக்கு எது ஏற்றது? தாய்மொழியில் தொடங்குவதே பொதுவாக நல்லது. பேசும் சொல்லையே எழுத்தில் காண்பவர் விரைந்து கற்பார். ஆனால், அவர் அன்றாடம் காணும் பலகை மலையாளத்தில் இருக்கிறது. ண, வ முதலிய எழுத்துகள் இரு மொழிகளிலும் வடிவில் நெருங்கியவை என்பதால், பின்னர் மலையாளத்துக்கு மாறுவது பெருஞ்சுமை ஆகாது. முடிவைக் கற்பவரிடமே கேட்டறிதல் முறை. மேலிருந்து அனுப்பப்பட்ட நூற்கட்டு என்பதற்காக அதையே திணித்தல் தகாது.

பாடநூல் முடிந்தபின் படிக்க ஏதுமின்றேல் கற்ற எழுத்து மறந்துபோகும். பி. என். பணிக்கர் 1945 முதல் வளர்த்த கிரந்தசாலை இயக்கத்தின் பயன் இங்கே விளங்கும். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுநூல்கள் அருகிலுள்ள நூலகத்தில் எத்தனை உள்ளன, தமிழில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல், வகுப்பைத் தொடங்குமுன் அலுவலர் செய்யத்தக்க பணியாகும்.