போர்டைப் பார்க்காதீங்க, பதிவு எண்ணைக் கேளுங்க

(அதிராம்பட்டினத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மகளிரும் மனநலமும்'. மனசை எப்படி லேசா வச்சுக்கிறது, காலையில எப்படி மூச்சுப் பயிற்சி பண்றதுன்னு பேசுவேன்னு சிலர் எதிர்பார்த்திருப்பீங்க. விடியுமுன்னே உப்பளத்துல இறங்குற அக்காவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க எனக்குக் கூச்சமா இருக்கு. நான் பேச வந்தது லைசென்ஸ் பற்றி.

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேணும். மருந்துக் கடை வைக்க லைசென்ஸ் வேணும். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறேன்னு போர்டு போடுறவருக்கு என்ன வேணும்? இந்தக் கேள்வியை நாம கேட்பதே இல்லை. வீட்டில் ஒருத்தருக்கு மனசு சரியில்லைன்னா, அக்கம்பக்கம் தெரியாம, ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டுப் போறோம். பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கணுமேங்கிற பயம். நாம வாயைத் திறக்காம இருக்கிறதுதான் சில பேருக்கு முதலீடு.

நம்ம ஊரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனா, மணமேல்குடி, தொண்டி, கீழக்கரை எல்லாம் தாண்டி ஏர்வாடி. தர்காவுக்கு உங்களில் பல பேர் போயிருப்பீங்க. அந்த தர்காவைச் சுற்றி, மனநலம் பாதித்தவர்களைத் தங்க வைக்கத் தனியார் காப்பகங்கள் பல இருந்தன. அதில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்து போனார்கள்.

அவங்களை அங்கே கொண்டு போய் விட்டது அவங்க குடும்பம்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. யாரும் பார்த்துக்க முடியாம, குணமாகட்டும்னு விட்டாங்க. மனநோயாளிகளைத் தங்க வைக்கும் இடத்துக்கு லைசென்ஸ் வேணும்னு 1987-லேயே சட்டம் போட்டாச்சு. 1993-ல் அமலுக்கும் வந்தாச்சு. எட்டு வருஷம் கழிச்சு, லைசென்ஸ் இல்லாத ஒரு கொட்டகையில 28 உயிர் போச்சு. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அது மாதிரி காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு 500 பேருக்கு மேல் அரசுப் பொறுப்பில் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, எல்லா மாநிலத்திலும் இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. காப்பகம் நடத்தியவர்களுக்கு 2007-ல் ஏழு வருஷத் தண்டனை கிடைத்தது.

இப்ப ஒரு லாத்தா கேட்பாங்க, தர்காவுக்குப் போகாதேன்னு சொல்றியாம்மான்னு. இல்லை லாத்தா. ஏர்வாடி தர்காவிலேயே 'தவா-துவா'ன்னு மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டத்தை அரசு பிறகு கொண்டு வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் கோயிலுக்கும் இப்படிக் கூட்டிட்டுப் போறவங்க உண்டு. துஆ கேட்கிறதும் நேர்ந்துக்கிறதும் உங்க நம்பிக்கை. ஆளைப் பூட்டி வைக்கிறது வேற விஷயம். அதுக்கு அனுமதி வேணும்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-ல் அமலுக்கு வந்தது. மனநலம் பாதித்தவரைச் சேர்த்துத் தங்க வைக்கிற எந்த இடமானாலும், அலோபதி, சித்தா, யுனானி, யோகா எதுவானாலும், பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தடவையே 5,000 ரூபாயிலிருந்து 50,000 வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். சங்கிலியில் கட்டக் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் காலத்துக்கு வேண்டியதைக் கொடுக்கணும்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு. அதை எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாயிடலை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் முறையான அனுமதியில்லாத ஒரு ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்ட செய்தியை டி.வி.யில் பார்த்திருப்பீங்க.

நம்ம பக்கம் அதிகமா நடக்கிறது குடிக்கு வைத்தியம். குடிப்பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் இதே சட்டத்துக்குள்தான் வருது. அதனால் போதை மறுவாழ்வு மையத்துக்கும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு கட்டாயம். நம்ம குழு ஒன்றில் ஒரு உறுப்பினர், பேரு வேண்டாம், வீட்டுக்காரரைக் குடியிலிருந்து மீட்க 30,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. குழுவும் மனசு இளகிக் கொடுத்துடுச்சு. ராத்திரி வேன் வந்துச்சு, நாலு பேர் இறங்கி ஆளை அள்ளிப் போட்டுட்டுப் போனாங்க. எந்த டாக்டரும் பார்க்கலை. அந்தம்மாகிட்ட எழுதாத பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. மூணாவது மாசம் இன்னும் 20,000 வேணும்னு போன். அப்பதான் விஷயம் என் காதுக்கு வந்துச்சு. ஊக்குநரும் நானும் நேரில் போனோம். வாசலில் பெரிய போர்டு, வண்ண வண்ணமா. பதிவுச் சான்று எங்கேன்னு கேட்டா, 'அப்ளை பண்ணியிருக்கோம்'னாங்க. ஆளைப் பார்க்கணும்னா, 'சிகிச்சை கெட்டுடும்'னாங்க. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்து, கையோட கூட்டிட்டு வந்தோம். முதுகில் தழும்பு. இப்ப அவர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுறார். சில மாசம் குடிக்கலை, சில மாசம் குடிக்கிறார். ஆனா அந்த 30,000 ரூபாய்க்கு வட்டியும் அசலும் அந்தம்மா பூ கட்டித்தான் இன்னும் கட்டிக்கிட்டிருக்காங்க.

இந்த வேன் வேலையே சட்டத்துக்கு விரோதம். ஒருத்தர் சம்மதம் இல்லாமல் சேர்க்கணும்னா, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாப் பார்த்து, சேர்த்தே ஆகணும்னு சொல்லணும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சேர்த்தவர் பெண் என்றால் மூணு நாளுக்குள்ள, ஆண் என்றால் ஏழு நாளுக்குள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகணும்.

அடுத்தது, யார் யாரு. மனநல மருத்துவர்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மனநோய் மருத்துவம் படிச்சவர். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் வைத்திருப்பார். மாத்திரை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். பேசி, சோதனைகள் செய்து சிகிச்சை தருபவர். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேணும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை. அவர் பேரு பதிவேட்டில் இருக்கான்னு கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம். காலேஜ் படிக்கிற மகளிடம் செல்போனைக் கொடுத்தால் போதும்.

சிக்கல் எங்கேன்னா, வெறும் 'கவுன்சிலர்', 'மனநல ஆலோசகர்'னு போர்டு போடுறவங்ககிட்ட. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் லைசென்ஸ் கொடுக்குது. அது இல்லாம 'சைக்காலஜிஸ்ட்'னு பேருக்குப் பின்னால் போட்டுக்கிட்டுத் தொழில் நடத்த முடியாது. இங்கே ஆலோசகர்களுக்கு அப்படி இறுக்கமான ஏற்பாடு ரொம்ப காலமா இல்லை. 2021-ல் வந்த மத்திய சட்டம் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டு வர வழி செய்திருக்கு. அது இன்னும் நம்ம தெரு வரைக்கும் வந்து சேரலை. நல்ல ஆலோசகர்களும் இருக்காங்க, மூணு மாச சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு மணிக்கு ஆயிரம் ரூபாய் வாங்குறவங்களும் இருக்காங்க. என்ன படிச்சீங்க, எங்கே படிச்சீங்கன்னு கேளுங்க. உண்மையாப் படிச்சவர் கோபப்பட மாட்டார்.

என்னையும் கேட்கலாம். நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்சிருக்கேன். மனநல சமூகப் பணியாளர்னு சட்டப்படி சொல்லிக்க அது பத்தாது, அதுக்கு மேல இரண்டு வருஷம் எம்.ஃபில். படிக்கணும். அதனால உங்க கஷ்டத்தை உட்கார்ந்து கேட்பேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன். நோய்க்குப் பேர் வைக்க மாட்டேன். நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உங்க தூக்க மாத்திரையில் பாதியைப் பிட்டுக் கொடுக்காதீங்க.

தற்கொலைக்கு முயன்றவரைக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸாகும்னு பயந்து மறைக்காதீங்க. கடும் மன அழுத்தத்தில் இருந்தார்னுதான் 2017 சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்டனை கிடையாது. சிகிச்சை கொடுக்கிறது அரசாங்கத்தின் கடமை.

செலவில்லாமல் பார்க்க தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கு. பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்த நாளில் வர்றார்னு முதலில் விசாரிச்சுட்டுப் போங்க, பஸ் காசு மிச்சம். ராத்திரி நேரத்தில் யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலைன்னா 14416-க்குப் போன் போடுங்க. இலவசம், தமிழிலேயே பேசுவாங்க.

கடைசியா குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மனநல சிகிச்சைக்கோ குடி மறுவாழ்வுக்கோ யாராவது உள்கடன் கேட்டா, இல்லைன்னு சொல்லாதீங்க. பணத்தைக் கொடுக்கும் முன்னாடி அந்த மையத்தின் பதிவுச் சான்று நகலை வாங்கித் தீர்மான நோட்டோட வச்சுக்கோங்க. நகல் தர மறுத்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, சேர்ந்து போய்க் கேட்போம். அந்த 30,000 ரூபாய்க் கடனுக்கு வட்டியைத் தள்ளுபடி செய்யலாமாங்கிறது இன்றைய கூட்டத்தின் நாலாவது பொருளா இருக்கு. தலைவி அக்கா அதை எடுக்கட்டும். நான் உட்காருறேன்.