முழுக் கட்டையும் கொடுக்காதீர்கள்

(கொட்டாஞ்சேனையில், கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் மத்தியில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் போனில் கிடக்கிற ஒரு பீ.டி.எப். பைலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஊரில் யாராவது ஸ்கேன் பண்ணித் தந்திருப்பார்கள். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அம்மாவின் ஈ.பி.எப். கடிதம், வங்கிப் புத்தகம், தங்கச்சியின் பாடசாலைச் சான்றிதழ். ஒரே பைல், 12 பக்கம். கடை முதலாளி அடையாள அட்டை கேட்டால் 12 பக்கமும் போகிறது. வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற தரகர் கேட்டாலும் 12 பக்கமும் போகிறது.

ஏன் இப்படி? 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம், விண்ணப்பங்கள், பிறகு 2003 சட்டம் என்று 55 வருடம் இழுபட்டது. எந்தக் கந்தோரில் எந்தக் கடுதாசியைக் கேட்பார்களோ என்ற பயம் நம் வீடுகளில் ஊறிப்போனது. முழுக் கட்டையும் தூக்கிக்கொண்டு போவதே நமக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கட்டு மாலையில் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அனுப்பிய பைல் திரும்பி வராது. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கையெழுத்து மூன்றும் ஒருவன் கையில் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அம்மாவை ஏமாற்ற எவ்வளவு நேரமாகும்?

தேவையான பக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க யார் உதவியும் வேண்டாம். போனில் பைலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'பிரிண்ட்' கொடுங்கள். பிரிண்டர் என்ற இடத்தில் 'சேவ் அஸ் பீ.டி.எப்.' என்பதைத் தெரியுங்கள். பக்கங்கள் என்ற இடத்தில் 1 என்றோ 4-5 என்றோ போட்டுச் சேமியுங்கள். புதுப் பைல் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். கம்பியூட்டரிலும் கிரோமில் இதே வழிதான். இதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டாவை நிறுத்திவிட்டே செய்து பாருங்கள், பைல் போனை விட்டு வெளியே போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். 'இலவசமாகப் பக்கம் பிரித்துத் தருகிறோம்' என்கிற பல இணையத்தளங்கள் முழுப் பைலையும் முதலில் தங்கள் கம்பியூட்டருக்கு இழுத்துக்கொள்கின்றன.

காலி வீதியிலோ ஜம்பட்டா வீதியிலோ கொமியூனிகேஷனில் பிரிண்ட் எடுத்தாலும், பிரித்த பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். கடைக் கம்பியூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், 'லிங்க்ட் டிவைசஸ்' போய் லொக் அவுட் செய்துவிட்டு எழும்புங்கள். இன்னொன்று, ஒரே பக்கத்தில் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் சேர்ந்திருந்தால் பக்கம் பிரித்துப் பயனில்லை. அடையாள அட்டையைத் தனியாகப் படம் எடுங்கள்.

முதலாளி கோபிப்பாரோ என்று யோசிக்கிறீர்கள். 'ஐயா, நீங்கள் கேட்டது இதுதானே, மற்றது வேண்டுமென்றால் என்னத்துக்கென்று சொல்லுங்கள்' என்று மரியாதையாகக் கேட்கலாம். தேவைக்கு அளவான தகவலைத்தான் எடுக்க வேண்டும் என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

தேத்தண்ணி வருகிறது. குடித்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொருவராகச் செய்து பார்ப்போம்.