மாடியில் மல்பெரி



"வீட்டுல ஸ்ட்ராபெரி வளர்க்க என்ன செலவாகும்?" என்று பலர் கேட்கிறார்கள். அது குளிர் கேட்கும் பயிர். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்குச் சரி; நிலக்கோட்டை வெயிலில் காசுதான் கரையும். நமக்கு ஏற்றது மல்பெரி. பட்டுப்புழு தின்கிற இலை அதனுடையதுதான்.

நன்றாகக் காய்க்கும் செடியில் பென்சில் கனத்துக் குச்சி வெட்டி, 2 கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். அடியில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளி போதும். செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவு. துளிர்க்கும்வரை நிழல், பிறகு வெயில். பறித்து முடிந்ததும் கவாத்து பண்ணுங்க; புதுக் கிளையில்தான் காய்க்கும்.

வளர்ந்ததும் டிரம்முக்கு மாற்றலாம். 50 லிட்டர் ஈரமண் சுமார் 80 கிலோ! அதைச் சுவருக்கோ பீமுக்கோ மேலே வையுங்கள்; தளத்தின் நடுவில் வேண்டாம். இது இன்ஜினியர் பேச்சு.

வாசல் மேசையில் குச்சிகள் இருக்கு. ஆளுக்கொன்று எடுத்துக்கோங்க.