குன்றாமலும் மிகாமலும்: முகவருக்கு எழுதும் கருவி விளக்கம்



மொழியியல் மேடையில் கட்டடத் தரவைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. இன்று ஒரு கட்டடம் மண்ணில் எழுமுன் தரவாக எழுந்துவிடுகிறது. சுவர், கதவு, அறை, தளம் ஆகிய ஒவ்வொன்றும் பெயரும் அளவும் பண்பும் உடைய பதிவாகக் கட்டடத் தகவல் மாதிரியில் இடம்பெறுகிறது. அப்பதிவுகளை வெவ்வேறு மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ள உதவும் ஐஎஃப்சி வடிவம், 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று. சிங்கப்பூரில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட கோர்நெட் எக்ஸ் தளமும் கட்டட ஒப்புதலுக்கு இத்தகைய மாதிரிகளையே பயன்படுத்துகிறது.

இம்மாதிரிகளை வினவும் பணியில் இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இறங்கியுள்ளன. நிரலாளர் அமைத்துத் தந்த கருவிகளை அழைத்து அவை விடை பெறுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோப்பிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் திறந்த நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், இயல்பான மொழியில் ஒரு விளக்கமும், உள்ளீடுகளின் வரையறையும் அமைகின்றன. எக்கருவியை எப்போது அழைப்பது என்பதை முகவர் இவற்றைப் படித்தே முடிவு செய்கிறது. கருவியின் உள்ளே இயங்கும் நிரல் அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே இங்கு நிரலாளரின் வேலையில் ஒரு பகுதி, உரைநடை எழுதும் வேலையாகிவிடுகிறது. இவ்விளக்கங்கள் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆயினும் அதற்கு வேண்டிய திறன் எம்மொழிக்கும் பொதுவானது.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் தொகுத்துள்ளார். அவற்றுள் மூன்று நம் பொருளுக்கு நேரே பொருந்துகின்றன.

முதலாவது, குன்றக் கூறல். "தளத்திலுள்ள கதவுகளைத் தரும்" என்று ஒரு கருவிக்கு விளக்கம் எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் படிக்கும் பொறியாளர், "எந்த அகலம்? மீட்டரா, மில்லிமீட்டரா?" என்று நம்மிடம் திருப்பிக் கேட்பார். முகவரோ பல வேளைகளில் ஊகித்துக்கொண்டு மேலே செல்லும். ஐஎஃப்சி மாதிரியில் கதவுக்குரிய அகலம் நிலைச்சட்டத்தையும் உள்ளடக்கிய முழு அகலமாகும். ஆள் கடந்து செல்லும் இடைவெளி அதனினும் குறைவு. "இவ்வகுப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா?" என்ற வினாவுக்கு முழு அகலத்தை வைத்து "நுழையும்" என்று விடை வந்தால், அதன் விளைவை வாசலில் சந்திப்பவர் ஒரு மாணவர்.

இரண்டாவது, மயங்க வைத்தல். மூன்றாம் தளம் என்பது எது? சிங்கப்பூர் வீவக அடுக்குமாடிகளில் தரையை ஒட்டிய தளமே முதல் தளம். மலேசியாவில் பல கட்டடங்களில் தரைத்தளம் தனியே நிற்க, அதற்கு மேலுள்ளது முதல் தளமாகிறது. அங்கேயே நான்காம் எண்ணைத் தவிர்த்து '3ஏ' என்று எழுதும் வழக்கமும் உண்டு. எனவே ஒரே தொடர் இடத்துக்கு இடம் வேறு தளத்தைச் சுட்டும். விளக்கம் இம்மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். தளத்தை எண்ணிப் பார்க்காமல், மாதிரியில் பதிவான பெயரால் கேட்கும்படி பணிக்க வேண்டும்.

இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரிய சொல் 'இல்லை'. கதவு எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதைப் பதிவதற்கு மாதிரியில் இடமுண்டு. அவ்விடம் நிரப்பப்படாமலும் இருக்கலாம். வெறுமையைக் கண்ட முகவர் "தீத்தாங்கும் கதவு இல்லை" என்று கூறலாம். உண்மையில் இல்லாதது தகவல். கதவு அங்கே இருக்கக்கூடும். பொருளின் இன்மையும் அறிவின் இன்மையும் ஒரு சொல்லுக்குள் ஒடுங்கியதால் நேரும் பிழை இது. தீப்பாதுகாப்பில் இப்பிழை சிறியதன்று.

மூன்றாவது, மிகைபடக் கூறல். அஞ்சி அஞ்சி எல்லாவற்றையும் எழுதிவிடுவதும் தீர்வாகாது. முகவர் ஒரே வேளையில் பல கருவிகளின் விளக்கங்களைப் படிக்கிறது. ஒவ்வொன்றும் நீண்டால் வேண்டியது வேண்டாததில் மறையும். கருவி எந்நிரல்மொழியில் எழுதப்பட்டது, எவ்வாறு உருவானது என்பன முகவரின் தெரிவுக்கு உதவுவதில்லை, அவற்றை விடலாம்.

இம்மூன்றையும் கருதி முன்காட்டிய விளக்கத்தைத் திருத்தினால் இவ்வாறு அமையும்:

"ஒரு கட்டடத்தின் ஒரு தளத்திலுள்ள கதவுகளின் பட்டியலைத் தரும். தளத்தை, மாதிரியில் உள்ள பெயராலேயே குறிப்பிடுக. பெயர் தெரியாவிடின் முதலில் தளப்பட்டியல் கருவியை அழைக்க. அகலம் மில்லிமீட்டரில் வரும். அது நிலைச்சட்டம் உட்பட்ட முழு அகலம். கடந்து செல்லும் இடைவெளியை அறிய இக்கருவியைப் பயன்படுத்தற்க. தீத்தாங்கு நேரம் நிரப்பப்படாத கதவுக்குப் 'பதிவில்லை' என வரும். தாங்குதிறன் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளற்க."

கருவி செய்வது, வேண்டும் உள்ளீடு, வரும் விடையின் அலகும் பொருளும், பயன்படுத்தக்கூடாத இடம், வெறுமையின் பொருள் என்னும் ஐந்தும் இதில் அடங்கியுள்ளன. இவற்றுள் நான்காவதே பெரும்பாலும் விடுபடுவது. ஒன்றையொன்று ஒத்த கருவிகள் அருகருகே இருக்கும்போது, எல்லை கூறாத விளக்கம் முகவரைத் தவறான கருவிக்கு இட்டுச் செல்லும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். பள்ளியின் நூலகத்தையோ அறைகளையோ பொருளாகக் கொண்டு மாணவர் ஐந்து வரியில் கருவி விளக்கம் எழுதட்டும். மற்றொரு மாணவர், எழுதியவரிடம் ஒரு வினாவும் கேளாமல், அதை மட்டும் படித்துச் செயற்படட்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். இதற்குக் கணினி தேவையில்லை.

மாணவர்களே, இலக்கணம் தேர்வோடு முடிவதன்று. திருப்பிக் கேட்காத வாசகனுக்கு எழுதும் பொறுப்பு நம் காலத்தில் பெருகி வருகிறது. அதனை ஏற்கும் தகுதி, சொல்லை நிறுத்துப் பழகியவர்க்கு உண்டு.