பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் நம் கைவேலையும்

சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், பின்புறம் பருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியைச் சில வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறோம். படம் வராவிட்டால் உடனே திருப்புளியைத் தேட வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

பெட்டிக்கு உயிரே வரவில்லையா? பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அதிலுள்ள ஃபியூஸை மாற்றிப் பார்ப்போம். அதே அளவு ஃபியூஸ்தான் போடவேண்டும், வெள்ளித்தாள் சுற்றக்கூடாது. புதியதும் உடனே எரிந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா? பக்கத்திலுள்ள ஒலிபெருக்கியைத் தள்ளி வைப்போம். அதன் காந்தம் நிறத்தைக் கெடுக்கும்.

திரையில் வெறும் புள்ளிகளா? அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பழைய ஒளிபரப்பு முறை 2019 ஜூலையில் நம் கெடாவின் லங்காவியில் முதலில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் நின்றது. டிகோடரும் அதற்கேற்ற ஏரியலும் வாங்கி, பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் அவற்றில் வயரைச் செருகுவோம்.

பின்மூடியை மட்டும் கழற்றவே வேண்டாம். சுவர் மின்சாரம் 230 வோல்ட். வண்ணப் படக்குழாயிலோ 20,000 வோல்ட்டுக்கும் மேல்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். கருகல் வாடை வந்தாலும் சுவிட்சை அடைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவோம். கூலியை மிச்சம் பிடிக்கலாம். உயிரை வைத்து மிச்சம் பிடிக்கலாமா?